கருப்பட்டி இஞ்சிச் சோடா: பாட்டிலில் வாயு ஏற்றும்போது நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட்டை வேலை செய்யவிட்டு வாயு ஏற்றும் முறையைப் பீர் காய்ச்சுகிறவர்கள் நன்கு அறிவார்கள். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றமாகையால், பாளையங்கோட்டையில் என் அடுக்களையில் நான் அதே முறையில் செய்வது இஞ்சியும் கருப்பட்டியும் எலுமிச்சையும் சேர்ந்த சோடா. மெல்பர்னில் இருக்கும் என் மைத்துனர் அங்கே சட்டத்துக்கு உட்பட்டுச் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுகிறார். அவர் எழுதி அனுப்பிய குறிப்பை அப்படியே பின்பற்றித்தான் நான் தொடங்கினேன். என்னுடைய முதல் பிழையும் அதுதான்.

பீரில், ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். அடைக்கும்போது அளந்து சேர்க்கும் சிறிதளவு சீனிதான் வாயு எவ்வளவு என்பதை முடிவு செய்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் சீனி சேர்த்தால், அந்த ஒரு லிட்டர் பானத்தில் ஒரு லிட்டர் கரியமில வாயு கரையும். பெரும்பாலான பீருக்கு வேண்டியது இரண்டரை லிட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். சீனி தீர்ந்தால் வாயு தானே நின்றுவிடும். இஞ்சிச் சோடாவில் நிலைமை வேறு. குடிக்கும்போது இனிப்பு இருக்கவேண்டும் என்பதற்காக லிட்டருக்கு 80 கிராம் கருப்பட்டி போடுகிறோம். அதில் பெரும்பகுதி ஈஸ்ட்டுக்கு உணவு. அத்தனையும் வாயுவாக மாறினால், ஒரு லிட்டர் பானத்தில் பதினைந்து, இருபது லிட்டர் வாயு அடைபட நேரும். எந்தப் பாட்டிலும் அதைத் தாங்காது. பனையேறுகிறவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். நம் பாட்டிலில் சுண்ணாம்பு இல்லை. அந்த வேலையை ஃபிரிட்ஜ்தான் செய்யவேண்டும். அதுவும் உரிய நேரத்தில் செய்யவேண்டும்.

இந்தக் குறிப்பில் வருகிற அளவுகள் எல்லாம் கீழ்க்கண்ட செய்முறையை ஒட்டியவை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 80 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு எலுமிச்சைச் சாறும் 80 மில்லி இஞ்சி உறையும் சேர்த்து, கழுத்தில் நான்கு விரற்கடை இடம் விட்டுப் பாட்டிலில் நிரப்ப வேண்டும். உறை என்பது, அரை லிட்டர் ஆறிய நீரில் தோல் சீவாத இஞ்சித் துருவல் ஒரு தேக்கரண்டியும் சீனி ஒரு தேக்கரண்டியும் தினந்தோறும் சேர்த்து, துணியால் வாய் மூடி வைத்து, நுரை கட்டும்வரை வளர்க்கிற கலவை. தயிருக்கு உறைமோர் எப்படியோ, இதற்கு இது அப்படி.

பாட்டில் கல்லாக இறுகியிருக்கிறது, அல்லது அடி புடைத்திருக்கிறது

மற்ற எதையும் படிப்பதற்கு முன் இதைப் படியுங்கள். சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால், ஐந்து கால்கள் போன்ற மேடுகளும் நடுவில் ஒரு குழிவும் இருக்கும். அழுத்தம் அளவை மீறும்போது அந்தக் குழிவு வெளியே தள்ளிக்கொண்டு வரும். பாட்டில் தரையில் நிலையாக நிற்காமல் ஆடத் தொடங்கும். என் அம்மாதான் இதை முதலில் கவனித்து, "ஏல, பாட்டில் நின்ன இடத்துல ஆடுதுல, என்னன்னு பாரு" என்றார்கள். நான் காற்றில் ஆடுகிறது என்று நினைத்தேன். மூடியைச் சற்றே திருகியபோது, நுரை அடுக்களை மேற்சுவர்வரை போனது. மூடி என் கையிலேயே இருந்ததனால் கண் தப்பியது.

பிளாஸ்டிக் பாட்டிலானால், முதலில் அதைத் தொந்தரவு செய்யாமல் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு நாள் முழுவதும் குளிரவிட வேண்டும். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. நீர் உறையும்போது விரிவதோடு, கரைந்திருந்த வாயுவும் வெளியேறி, இருக்கிற அழுத்தத்தை இன்னும் கூட்டிவிடும். நன்கு குளிர்ந்த பிறகு பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து, மூடியை உங்கள் முகத்துக்கோ அருகில் நிற்பவர் முகத்துக்கோ நேராக இல்லாதபடி சாய்த்து, ஈரத்துணியால் மூடியைப் பொத்திக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருக வேண்டும். உஸ் என்ற ஓசை கேட்டதும் நுரை ஏறும். உடனே மூடிவிட்டு, நுரை அடங்கியபின் மறுபடியும் திருக வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்ய நேரலாம். பொறுமை இழந்தால் பாதிப் பானம் தரைக்குப் போகும்.

கண்ணாடிப் பாட்டிலானால் விஷயம் வேறு. கண்ணாடி புடைத்து எச்சரிக்காது, உடைந்துதான் காட்டும். ஒரே தொகுதியில் செய்த ஒரு பாட்டில் வெடித்துவிட்டது என்றால், மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கின்றன என்று கொள்ள வேண்டும். வீட்டில் இருப்பவர்களை அந்த அறையிலிருந்து விலக்கிவிட்டு, இருசக்கர வாகனத்துக்கான முகம் மூடும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் அணிந்து, நனைத்த சாக்கையோ கனமான போர்வையையோ பாட்டில்கள் மீது போர்த்திவிடுங்கள். வெக்கை தணியும்வரை, முடிந்தால் விடியற்காலை வரை, அவற்றைத் தொட வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகச் சாக்கோடு சேர்த்து எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் குளிர்விக்க வேண்டும். திடீரென்று ஐஸ் தண்ணீரில் முக்கினால், வெப்பம் சட்டென மாறுவதனாலேயே கண்ணாடி விரிசல் காணும். பானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த இடத்தில் வரக்கூடாது. முப்பது ரூபாய்ச் சோடாவுக்குக் கண்ணைப் பணயம் வைக்க முடியாது.

இப்படி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர் வெயில்தான். குளிர்நாட்டுக் குறிப்புகளில் அறை வெப்பம் என்றால் 20 டிகிரி. நம் பக்கத்தில் சித்திரை மாதத்து அடுக்களை 35 டிகிரிக்குக் குறையாது. 10 டிகிரி ஏறினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று வைத்துக்கொண்டால், அங்கே மூன்று நாளில் ஆகும் வேலை இங்கே ஒரே நாளில் முடிந்துவிடும். மைத்துனரின் குறிப்பில் 'இரண்டு வாரம் வெளியே வைக்கவும்' என்று இருந்தது; அது முற்றும் புளித்த பீருக்குச் சரி. என் சோடா மூன்றாம் நாளே அம்மா கண்ணில் ஆடியது. சீசன் காலத்தில், சாரல் விழும் தென்காசியில் இருக்கும் என் அக்கா இதே அளவில் செய்தால் அவளுக்கு இரண்டரை நாள் ஆகிறது. எனக்குக் கத்திரி வெயிலில் 14 மணி நேரம் போதுகிறது. ஆகவே இதில் நாள்கணக்கை நம்பாதீர்கள். நிரப்பியவுடன் பாட்டிலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அழுத்துங்கள். கடையில் வாங்கிய, திறக்காத கலர் பாட்டிலை அழுத்தினால் எவ்வளவு இறுக்கம் தெரியுமோ, அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போதே ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். குளிர்ந்து முடிவதற்குள் மீதி இறுக்கம் தானே வந்து சேரும்.

இன்னொன்றையும் சேர்த்து அறிவது நல்லது. லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு கரைந்த பானம், 4 டிகிரி குளிரில் வெளிக்காற்றைவிட ஒரு மடங்குக்கும் குறைவான கூடுதல் அழுத்தத்தையே காட்டும். அதே பாட்டில் 35 டிகிரியில் மூன்று மடங்குக்கு மேல் காட்டும். அது கார் டயரில் அடைத்திருக்கும் காற்றைவிட அதிகம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் பாபநாசம் போகும் வழியில் காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுக் குளிக்கப் போவது எவ்வளவு ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

எந்தப் பாட்டில் ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாயு அடைத்த பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஆகும். தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் ஆகாது. கண்ணாடியில், அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட, உருண்டையான, கம்பிப்பூட்டும் ரப்பர் வளையமும் உள்ள பாட்டில் ஆகும். ஊறுகாய், பழச்சாறு, தேன் வந்த பாட்டில்களும், அழகுக்காகச் செய்த சதுரப் பாட்டில்களும் ஆகவே ஆகா. கோலி சோடா பாட்டில் கனமாக இருக்கிறதே என்று பலருக்கும் ஆசை வரும்; எனக்கும் வந்தது. இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில், உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அடைக்கிறது. வெளியிலிருந்து வாயுவை ஏற்றி, பாட்டிலைக் கவிழ்த்து அடைக்கும் கருவி இருந்தால்தான் அது சரிவரும். மெதுவாக வாயு கட்டும் நம் முறையில், தொடக்கத்தில் கோலியை மேலே நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு வருடமாவது பிளாஸ்டிக் பாட்டிலோடு நிற்பது நல்லது என்பது என் கருத்து.

இரண்டு நாள் ஆகியும் பாட்டில் தளர்ச்சியாகவே இருக்கிறது

முதலில் சந்தேகிக்க வேண்டியது உறையைத்தான். பாட்டிலில் ஊற்றுவதற்கு முன் உறையை ஒரு குச்சியால் கலக்கிப் பார்த்தால், தோசைமாவைக் கரண்டியால் கிளறும்போது வருவது போல, மேலே பொங்கும் சிறு குமிழ்கள் வர வேண்டும். காது வைத்துக் கேட்டால் மெல்லிய சரசரப்பு இருக்கும். அது இல்லாத உறை சேர்த்த பானம் இனிப்புத் தண்ணீராகவே கிடக்கும். இன்னும் ஒரு நாள் காத்திருப்பதால் பயன் இல்லை. உறைக்கு ஒரு தேக்கரண்டி சீனியும் புதிய இஞ்சியும் கொடுத்து, அது பொங்கிய பிறகு மறுபடி தொடங்குங்கள்.

உறை நன்றாக இருந்தும் வாயு கட்டவில்லையானால், நீரைப் பாருங்கள். தாமிரபரணித் தண்ணீர் என்றாலும், குழாயில் வரும்போது அதில் குளோரின் கலந்தே வருகிறது. சில நாள் வாசனையே தெரியும். கொதிக்கவைத்து, திறந்த பாத்திரத்தில் ஆறவைத்தால் போய்விடும். அடுத்த காரணம் சூடு. கருப்பட்டிப் பாகு கைபொறுக்காத சூட்டில் இருக்கும்போதே உறையை ஊற்றினால், ஈஸ்ட் அப்போதே செத்துவிடும். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் சூடு சிறிதும் தெரியக்கூடாது. கருப்பட்டியின் மீது பழியைப் போடுவதற்கு முன் இவை மூன்றையும் பார்த்துவிடுங்கள். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய உலவுகிறது என்பது உண்மைதான். ஆனால் கலப்படக் கருப்பட்டியிலும் வாயு நன்றாகவே கட்டும், ருசிதான் இருக்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பாட்டில் இறுகாவிட்டால், மூடி கசிகிறது. பாட்டிலைத் தலைகீழாக நீரில் முக்கி, மூடியின் விளிம்பில் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். பழைய பாட்டிலின் மூடியில் உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் தேய்ந்திருக்கும். கம்பிப்பூட்டுப் பாட்டிலில் ரப்பர் வளையம் வெடித்திருக்கும்.

எந்தக் காரணமாயிருந்தாலும், 'வாயு வரவில்லையே' என்று மேலும் சீனி அள்ளிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். சோடாவில் சீனி ஒருபோதும் குறைவாக இருப்பதில்லை. கூடுதல் சீனியால் இன்றைக்கு எதுவும் நடக்காது. ஈஸ்ட் விழித்துக்கொள்ளும் நாளில்தான் நடக்கும்.

திறந்தால் உஸ் என்கிறது, குடித்தால் வாயு இல்லை

இது பிழையே அல்ல, அவசரம். பாட்டிலின் கழுத்தில் சேர்ந்த வாயு பானத்தில் கரைவதற்குக் குளிரும் நேரமும் வேண்டும். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தால் பானம் குளிரும், ஆனால் வாயு கரைந்து முடியாது. ஒரு நாள் முழுக்க வைத்துத் திறந்து பாருங்கள்.

திறந்தவுடன் பாதி பொங்கிப் போகிறது

பாட்டில் அளவாகத்தான் இறுகியிருந்தது, நன்றாகக் குளிர்ந்தும் இருந்தது, ஆனாலும் பொங்குகிறது என்றால், பானத்தில் மிதக்கும் இஞ்சி நாரும் கருப்பட்டித் தூசும்தான் காரணம். கரைந்திருக்கும் வாயு வெளிவருவதற்குப் பற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். ஒவ்வொரு நாரும் அப்படிப்பட்ட ஓர் இடம். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிய சோடாவில் ஓர் இஞ்சித் துருவலைப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாரிலிருந்து மட்டும் குமிழ் சரம் சரமாக மேலே ஏறும். கருப்பட்டியில் மணலும் சாம்பலும் தப்பாமல் இருக்கும் என்பதால், பாகை ஒருமுறை வடிகட்டினால் போதாது; வேட்டித் துணியை இரண்டாக மடித்து மறுமுறையும் வடிகட்டி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். ஃபிரிட்ஜில் பாட்டிலைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே வைத்து, அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் எடுத்தால் பொங்குவது பெரிதும் குறையும்.

ஒரே தொகுதியில் ஒன்று கல், ஒன்று பஞ்சு

மைத்துனருக்கும் எனக்கும் பொதுவான பிழை இது ஒன்றுதான். சோடாவில், உறையைக் கலக்காமல் ஊற்றுவதால் நேருகிறது; கனமான ஈஸ்ட் அடியில் தங்கி, கடைசிப் பாட்டில்களுக்கே போய்ச் சேருகிறது. பீரில், ஒவ்வொரு பாட்டிலுக்கும் தேக்கரண்டியால் சீனி போடுவதால் நேருகிறது. ஒரு சிறு கரண்டிச் சீனி கை தாராளத்தைப் பொறுத்து 4 கிராமாகவும் இருக்கும், 6 கிராமாகவும் இருக்கும்.

அவர் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. 20 லிட்டர் பீர் 20 டிகிரியில் புளித்து முடிந்திருந்தால், அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.85 லிட்டர் வாயு ஏற்கெனவே கரைந்திருக்கும். வேண்டியது 2.4 என்றால், சேர்க்க வேண்டியது 1.55. அதை 4 கிராமாலும் 20 லிட்டராலும் பெருக்கினால் 124 கிராம் சீனி. அதை எடைத்தராசில் நிறுத்து, சிறிது நீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, காலியான தொட்டியில் முதலில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாக மெதுவாக இறக்கினால் ஒரே சீராகக் கலந்துவிடும். அதற்கும் முன்னதாக, சர்க்கரை தீரத் தீர இறங்கும் பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கருவியின் அளவு மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார். அந்த அளவு 0.002 மட்டும் இறங்க மீதம் இருந்தாலே, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு கணக்கில் வராமல் கூடிவிடும். பீர்ப் பாட்டில் வெடித்த கதைகளில் பெரும்பாலானவை, அந்த மூன்று நாளைப் பொறுக்காதவர்களின் கதைகள்.

வாடை, கொழகொழப்பு, பூஞ்சை

உறையின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் படர்ந்தால், அதை வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக்கூடாது. முழுவதையும் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவ வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தின் வாடையோ, அழுகிய முட்டை வாடையோ நிலைத்து நின்றாலும் அப்படியே. காடி வாடை மட்டும் இருந்தால் காற்று நுழைந்திருக்கிறது. கேடு இல்லை, குடிக்கத்தான் பிடிக்காது.

பானத்தைச் சாய்த்தால் எண்ணெய்போல நூலாக ஒழுகுகிறது என்று அக்கா ஒருமுறை சொன்னாள். சீனியிலிருந்து பிசினை உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வேலை அது. எலுமிச்சை போடாமல் விட்டிருந்தாள். பதநீரில் சேர்ந்த சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியில் இருக்கும் என்பதால், வெல்லத்தில் செய்வதைவிட இதில் புளிப்பு ஏறத் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் வேண்டாதவை வளர்கின்றன. லிட்டருக்கு ஒரு முழு எலுமிச்சை என்பது ருசிக்காகச் சொன்ன அளவு அல்ல.

ஃபிரிட்ஜில் வைத்த பிறகும் இறுகிக்கொண்டே போகிறது

குளிர் ஈஸ்ட்டை மெதுவாக்கும், கொல்லாது. நான்கு நாளுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்து, இறுக்கம் கூடியிருந்தால் சற்றே திருகி வாயுவை வெளியேற்றி மூடுங்கள். பத்து நாளுக்குள் குடித்து முடித்துவிடுங்கள். நாள் போகப் போக இனிப்புக் குறைவதைப் போலவே ஆல்கஹாலும் கூடும். லிட்டருக்கு 8 கிராம் சீனி புளித்தாலே ஏறத்தாழ 0.5 சதவீதம் ஆல்கஹால் சேர்ந்துவிடும். அதற்கு மேற்பட்டதை உணவுப் பாதுகாப்பு விதிகள் மதுபானமாகவே கணக்கிடுகின்றன. ஆகவே இதைக் குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கொடுப்பதில்லை, விற்பதும் இல்லை. ஆல்கஹால் துளியும் கூடாது என்கிறவர்களுக்கு, இதே இஞ்சிக் கருப்பட்டிப் பாகில் உறை சேர்க்காமல், கடைச் சோடாவை ஊற்றிக் கலந்து கொடுத்தால் ருசியில் பெரிய குறை தெரியாது.

மின்தடை நீண்ட நாளில், ஃபிரிட்ஜ் உள்வெப்பம் ஏறுவதை யாரும் கவனிப்பதில்லை; பாலைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில், கரண்ட் போய் நான்கு மணி நேரம் கடந்தால், பாலுக்கு முன் சோடாப் பாட்டில்களைத்தான் எடுத்து, தொட்டியில் வைத்து, ஒவ்வொன்றாகத் திருகி விடுகிறோம்.